ஐம்பது பேரோடு ஒரு கல்யாணம்... மயிலம் மலையில் இரண்டு நாள்!

அனந்தபுரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பத்திரிகை முதலில் குலசாமிக்குப் போகும். அடுத்தது தாய்மாமன் வீடு. அதற்கப்புறம் எண்ணிக்கை யார் கையிலும் இருக்காது. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் சின்னப் பேரூராட்சி இது. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போக முடியாது. முந்நூறு பத்திரிகை அடித்தால் பந்தியில் எண்ணூறு இலை விழும். அதுதான் ஊர்க் கணக்கு.

அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய போனில் ஓடுவது வேறு கல்யாணம். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, கீழே கடல், மாலை வெயில். கிரீஸ் நாட்டின் சான்டோரினித் தீவு. 2017-ல் விராட் கோலியும் அனுஷ்கா ஷர்மாவும் இத்தாலியின் டஸ்கனியில் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே தீபிகா படுகோனும் ரன்வீர் சிங்கும் அதே நாட்டின் கோமோ ஏரிக்கரைக்குப் போனார்கள். அதிலிருந்து, ‘நெருங்கியவர்கள் மட்டும், இரண்டு நாள், அழகான ஓர் இடம்’ என்பது பலருடைய ஆசையாகிவிட்டது.

“வேண்டியவங்க மட்டும் போதும்மா, ஒரு ஐம்பது பேர்” என்று மகள் சொல்வாள். “அப்ப உங்க ஆயா எப்படி வருவாங்க?” என்று அம்மா கேட்பார். கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆயாவுக்கு பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் எடுத்துவிட்டாலும் வேலை முடியாது. கிரீஸுக்குப் போக ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு அதன் கட்டணம் தலைக்கு 90 யூரோ. நாற்பது பேர் போனால் விசாவுக்கு மட்டுமே மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். ஒவ்வொருவரும் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு 15 நாளுக்கு முன்பாவது மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். இங்கேதான் தாய்மாமன் மாட்டிக்கொள்வார். அவருக்கு நாலு ஏக்கர் மணிலா விளையும்; வருமான வரிக் கணக்கு இருக்காது. சீர் தூக்க வேண்டியவரே வர முடியாமல் போனால் அது என்ன கல்யாணம்?

தீவுக்குப் போவது எல்லோருக்கும் ஆடம்பரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு நாடு. பக்கத்து நாடுகளான லெபனானிலும் இஸ்ரேலிலும் மதச் சடங்கு இல்லாத சிவில் திருமணத்தை உள்நாட்டில் நடத்த வழியில்லை. அதனால் வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த ஜோடிகள் பல ஆண்டுகளாக சைப்ரஸுக்குப் போய்ப் பதிவுசெய்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தீவு ஒரு வழி. நமக்கு அது ஒரு பின்னணிப் படம். நம்மூர் ஜோடிகளில் பலர் சட்டப்படியான பதிவை இங்கே வைத்துக்கொண்டு, அங்கே மாலை மாற்றிக்கொள்வதோடு சரி.

இன்னொரு வேடிக்கை. அந்தக் கடலிலும் ஆடி மாதம் உண்டு! ஜூலை, ஆகஸ்டில் கிரீஸ் தீவுகளில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற காற்று அடிக்கும். சில நாள் படகுப் போக்குவரத்தே நின்றுவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன நம் ஆட்கள், அந்த மாதத்தில் முகூர்த்தம் வைக்காததற்கு வேறு காரணம் சொல்வார்கள். ஆனால் இந்த ஒற்றுமையைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

சரி, சின்னக் கல்யாணம் வேண்டும், ஆயாவும் வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் அனந்தபுரத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மயிலம்.

திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் கிழக்கே திரும்பினால், சிறிது தூரத்திலேயே மலையும் கோபுரமும் தெரிந்துவிடும். பெரிய மலை இல்லை, குன்று. சூரபத்மன் முருகனுக்கு வாகனமாக வேண்டி, மயில் வடிவ மலையாக நின்று தவம் செய்த இடம் என்பது தலபுராணம். மயூராசலம் என்பதுதான் மயிலம் ஆனது என்பார்கள். அதே புராணத்தில் இன்னொரு கதை, கல்யாண வீட்டுக்கு ஏற்ற கதை. சிவகணத் தலைவர்களில் ஒருவரான சங்குகன்னர் சாபத்தால் பூமிக்கு வந்து பாலசித்தராகத் தவம் இருந்தாராம். முருகன் இரங்கவில்லை. வள்ளியும் தெய்வானையும் சித்தர் பக்கம் சேர்ந்துகொண்டார்களாம். அப்புறம் முருகனே இறங்கி வந்து, இருவரோடும் திருமணக் கோலத்தில் காட்சி தந்தாராம். பெண்கள் ஒரு முடிவெடுத்துவிட்டால் சாமியானாலும் வேறு வழியில்லை.

கோயிலை நிர்வகிப்பது பொம்மபுர ஆதீனம் என்ற வீரசைவ மடம். ஆதீனம் நடத்தும் தமிழ்க் கல்லூரியும் ஊரில் இருக்கிறது. திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரத்தில் ‘மயிலத்துல வெச்சிக்கலாம்’ என்றால் அது கல்யாணத்தைத்தான் குறிக்கும். வேண்டுதலுக்காக வருபவர்கள் உண்டு. செலவைக் குறைக்க வருபவர்கள் உண்டு. ‘கோயில் கல்யாணமா? ஏன், ஏதாவது பிரச்னையா?’ என்று கேட்கும் வாய்களும் இன்னும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பயந்தே கடன் வாங்கி ஏ.சி. மண்டபம் பிடித்த குடும்பங்கள் எத்தனையோ.

சின்னக் கல்யாணம் ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ஐயர், ஹோமம் எதுவும் இல்லாமல், உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் அல்லது தாலி கட்டினால் செல்லும் என்று சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டம் கொண்டுவந்தது இந்த மாநிலம். 2020-ல் கொரோனா வந்து ‘ஐம்பது பேர்தான்’ என்று அரசு சொன்னபோது, ஊர் ஊராக ஐம்பது பேர் கல்யாணம் நடந்தது. அப்போது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் பட்டியல் போட்டது அரசாங்கம். இப்போது நாமே போட வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நாளை எப்படிப் போடலாம்? வட மாவட்டங்களில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பது ஏற்கெனவே வழக்கம். அந்த முதல் நாளைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

காலையில் கிளம்பி முதலில் பனமலை. அனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; அங்கே பிறந்தவர்களிலேயே பாதிப் பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏரிக்கரையில் ஒரு பாறைக் குன்று, மேலே தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் கட்டியது. 1,300 ஆண்டுப் பழைமை. இங்கே ஒரு சிற்றறைச் சுவரில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் நடனத்தைப் பார்க்கிறாள். வண்ணம் நிறைய உதிர்ந்துவிட்டது. முகமும் அந்த நிற்கும் வாகும் மட்டும் உதிரவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு ஜோடி பார்க்க இதைவிட நல்ல படம் இந்த வட்டாரத்தில் இல்லை. மேலே போகப் படி ஏற வேண்டும். ஆயாக்கள் ஏரிக்கரை நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடட்டும்.

அடுத்து செஞ்சி. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான். கீழ்க்கோட்டையில் ஒரு கட்டடத்தின் பெயரே கல்யாண மகால்! நடுவில் அடுக்கடுக்காக உயரும் கோபுரம், சுற்றிலும் வளைவுகள் வைத்த அறைகள். அரண்மனைப் பெண்கள் தங்கிய இடம் என்கிறார்கள். பெயரைப் பார்த்துவிட்டு ஹால் வாடகை கேட்காதீர்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கேமரா குழுவோடு போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ராஜகிரி உச்சி வரை ஏறும் ஆசை மாப்பிள்ளைக்கு வரும். தடுத்துவிடுங்கள். மறுநாள் மணையில் உட்காரும்போது முட்டி பிடித்துக்கொள்ளும்.

மாலைக்குள் மயிலம் போய்ச் சேர்ந்துவிடலாம். கோயிலைச் சுற்றிலும் கீழேயும் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. ஐம்பது பேருக்குச் சின்ன மண்டபமே தாராளம். நல்ல அறை வேண்டும் என்பவர்களுக்குத் திண்டிவனம் பக்கம். இன்னும் வசதி கேட்பவர்களுக்குப் புதுச்சேரியும் தூரமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தங்குவதுதான் இந்தக் கல்யாணத்தின் ருசி. அத்தையும் சித்தியும் பாய் போட்டு ராத்திரி இரண்டு மணி வரை பேசுவார்களே, அது தனித்தனி ஹோட்டல் அறையில் நடக்காது.

நாள் குறிப்பதில்தான் சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமையில் வரும் வளர்பிறை முகூர்த்தம் என்றால் மயிலத்தில் ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் தாலி ஏறும் நேரத்தில் பக்கத்து ஜோடிக்குக் கெட்டிமேளம் கேட்கும். அமைதி வேண்டுமென்றால் வார நாளில் வரும் முகூர்த்தத்தைப் பாருங்கள். பங்குனி உத்திரம், கிருத்திகை நாள்களைத் தவிருங்கள். இந்தக் கூட்டத்துக்கும் ஓர் அழகு உண்டு என்பது வேறு விஷயம். யாரோ ஒரு பாட்டி, தன் பேத்திக்குப் போட்டதுபோக மிச்சமிருக்கும் அட்சதையை உங்கள் பெண் மேலும் போட்டுவிட்டுப் போவார்.

கார்த்திகை முகூர்த்தம் என்றால் மழையையும் நினைவில் வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தை, மாசி, வைகாசி நிம்மதி. வைகாசியில் வெயில் இருக்கும், முகூர்த்தமோ விடியற்காலையில்தானே.

கோயிலில் திருமணம் பதிய, அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதே நல்லது. கட்டணமும் நேரமும் அங்கே சொல்வதுதான் சரி. பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது முடிந்ததற்குச் சான்று, ஆதார், புகைப்படங்கள் தயாராக இருக்கட்டும். பல கோயில்களில் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து முதல் திருமணச் சான்றும் கேட்பார்கள். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

முகூர்த்தம் முடிந்து, பொங்கலும் வடையும் சாப்பிட்டு எழுந்தால் பகல் பூராவும் மிச்சம். அங்கிருந்து திருவக்கரை போகலாம். வக்கிரகாளியம்மன் கோயில் பெரியவர்களுக்கு. பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா பிள்ளைகளுக்கு. இரண்டு கோடி ஆண்டுப் பழைமையான மரம் என்றால் ஒரு நிமிடமாவது போனை கீழே வைப்பார்கள்.

இப்போது அந்தப் பட்டியல். ஐம்பது பேரைத் தவிர மற்றவர்களை என்ன செய்வது? இங்கே மொய் நோட்டைப் புறக்கணிக்க முடியாது. இருபது வருஷமாக அப்பா வைத்த மொய்யெல்லாம் அதில் இருக்கிறது. கூப்பிடாவிட்டால் வாங்கியவர் திருப்பிச் செய்ய வழியில்லை. அது அவருக்கு மனக்குறை, உங்களுக்கு நஷ்டம். அதனால் மயிலத்தில் கல்யாணம், அடுத்த வாரம் அனந்தபுரத்தில் மறுவீட்டோடு சேர்த்து ஊர் விருந்து. மாலை நேரம், வீட்டு வாசலில் பந்தல், ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. பத்திரிகையிலேயே இரண்டையும் தெளிவாகப் பிரித்து அடித்துவிட வேண்டும். பங்காளி வீடுகளுக்கு மட்டும் பத்திரிகை வைக்கும்போதே வாயாலும் சொல்லிவிட வேண்டும், அதுவும் அப்பா நேரில் போய். வாட்ஸ்அப்பில் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

ஐம்பதில் யார் யார் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. சடங்கில் வேலை உள்ளவர்களை முதலில் எழுதுங்கள். தாய்மாமன், நாத்தனார் முடிச்சுப் போடுபவர், பெண்ணுக்குத் தோழி, மாப்பிள்ளைத் தோழன், நலங்கு வைக்கும் சுமங்கலிகள். இரு வீட்டாருக்கும் சேர்த்து அதுவே முப்பதைத் தொடும். மிச்சம் இருபதில் பாதியைப் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுதட்டும், பாதியைப் பெரியவர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அப்போது கோயிலில் கொடுத்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள். தாலி கட்டிய அன்றே அதை அம்மாவின் கைப்பையில் போட்டுவிடுங்கள். மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் தாம்பூலப் பைகளோடு சேர்ந்து தொலைந்துபோவது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.