கூலியின் காளையும் மின்கிதாரும்

நாட்டுப்புற மெட்டில் மின்கிதாரைச் சேர்ப்பது பாலில் உப்பிடுவதற்கு ஒப்பாகும் என்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் பெற்றவன் நான். அந்தக் கைதட்டல் இப்போது உறுத்துகிறது. காரணம், அயர்லாந்து நாட்டின் ‘ஹார்ஸ்லிப்ஸ்’ என்னும் இசைக்குழு.

டப்ளின் நகரில் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய இளைஞர் மூவருக்கு, ஒரு பியர் விளம்பரப் படத்தில் இசைக்குழுவினராக நடிக்க நேர்ந்தது. வேடம் பிடித்துப்போகவே, 1970-ஆம் ஆண்டில் மெய்யாகவே குழு அமைத்தனர். பிடிலும் புல்லாங்குழலும் கான்செர்ட்டினாவும் ஒருபுறம். மின்கிதாரும் டிரம்மும் மறுபுறம். 1972-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

அடுத்த ஆண்டு வந்த ‘தாய்ன்’தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அயர்லாந்தின் பழங்காப்பியத்தைத் தழுவியது அது. கானாக்ட் நாட்டு அரசி மேவ், செல்வத்தில் தன் கணவனுக்கு ஒரு காளை குறைந்துவிட்டாள். அக்குறை தீர, அல்ஸ்டர் நாட்டுக் கூலி என்னும் ஊர்ப்பகுதியின் பழுப்புக் காளையைக் கவரப் படை திரட்டுகிறாள். அல்ஸ்டர் வீரர்களோ ஒரு சாபத்தால் நலிந்து கிடக்கின்றனர். கூஹுலின் என்னும் இளைஞன் ஒருவனே எல்லையில் நின்று பொருகிறான். இறுதியில் இரு காளைகளும் மோதி மடிகின்றன. இத்தனை உயிர்ப்பலிக்கும் மிஞ்சியது ஒன்றுமில்லை.

அதில் ‘ஜாரக் டூம்’ என்னும் பாட்டு, கூஹுலினின் கூற்றாக அமைந்தது. ஜானி ஃபீனின் கிதார் முழங்கிய முதற்கணமே நான் அதை ராக் இசையின் ஆரவாரம் என்று தள்ளிவிட்டேன். பின்னரே அறிந்தேன்: அது ஓ’நீல் பெயரால் வழங்கும் பழைய அணிவகுப்பு மெட்டேயாம்! பழமையின் காவலனாகப் பேசியவனுக்குப் பழமை எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மரபிசையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். 1975-இல் மின்கருவிகளை ஒதுக்கி, மரபு மெட்டுகளாலேயே ஓர் இசைத்தட்டு தந்தனர். 1976-இல், அயர்லாந்தில் குடியேறிய பண்டை இனங்களின் புராணத்தைப் பாடியபோது, மகிழ்ச்சி, அழுகை, உறக்கம் என்னும் தொல்லிசைப் பிரிவு மூன்றையே பகுதிகளாக வகுத்தனர். அதுவே அவர்களுடைய சிகரம் என்பேன். பின்னர் அமெரிக்கா சென்ற அயர்லாந்தியரைப் பாடினர். அமெரிக்கச் சந்தையையும் நாடினர். கதை மெலிந்தது, ஓசை பருத்தது. 1980 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் நகரில் நிகழ்ச்சி நடத்திப் பிரிந்தனர். மீண்டும் கூடி 2004-இல் மின்கருவியின்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். ஜானி ஃபீன் 2023-இல் காலமானார்.

1990-இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சென்ற அயர்லாந்து அணிக்கான பாட்டிலும் அந்தக் கிதார் மெட்டு ஒலித்தது. அண்மையில் பழைய அணிவகுப்பை மட்டும் தனியே தேடிக் கேட்டேன். அதனுள்ளும் எனக்குக் கிதாரே கேட்கிறது. குறை சொல்ல நா எழவில்லை.