தூங்குகிற வீட்டில் சார்ஜ் வேண்டாம்

பொம்மைக் காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. ஒரு பொம்மைக் காரால் எங்கள் தறிக்குடோனே சாம்பலாகியிருக்கும். தப்பு பையன் மேல் இல்லை, என் மேல்தான். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவில். மாசி மாதம் சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி கோவில் தேர். போன வருஷம் தேர்க்கடையில் என் சின்னப் பையன் ரிமோட் கார் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அதன் சார்ஜர் ஒயரைத் தொலைத்துவிட்டான்.

பரணில் என் அண்ணன் மகன் விளையாடிக் கழித்த பழைய கார் ஒன்று கிடந்தது. அதன் ஒயரை எடுத்துச் செருகிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. 'இதுக்குப் போய்க் கடைக்கு அலையோணுமா?' என்று எனக்குப் பெருமை வேறு. பகலில் அவன் நச்சரிப்புத் தாங்காமல், "ராத்திரி போட்டுட்டுப் படு கண்ணு, காலைல ஃபுல்லாயிருக்கும்" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். வீட்டை ஒட்டி எங்களுக்கு நாலு தறி. காலியாக இருந்த பிளக் அங்கேதான். பக்கத்திலேயே நூல் மூட்டைகள்.

நாலாம் நாள் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். அத்தைதான் எழுப்பினார். "அம்மிணி, என்னமோ மருந்து வாசமாட்ட அடிக்குது பாரு." எழுந்து போனால் நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி. பெஞ்சின் மேல் பாட்டரி பணியாரம் போல உப்பி, 'புஸ்'ஸென்று சீறிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, ஓடியாங்க!" என்று கத்தினேன். அவர் மெயினை அணைத்துவிட்டு, மம்பட்டியால் அதை வாரி வாசலில் எறிந்தார். எறிந்த மறு நிமிஷம் தீப்பிடித்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். பாட்டரி இருந்த இடத்துக்கும் நூல் மூட்டைக்கும் ஒரு முழம்தான் தூரம்.

செல்போன் பழுது பார்க்கிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் மறுநாள் கருகிய பாட்டரியைக் காட்டினேன். ஒயரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏனுங்க்கா, மூடி பொருந்துச்சுன்னா மொளகாப்பொடி டப்பாவும் மஞ்சப்பொடி டப்பாவும் ஒண்ணாயிருமுங்களா?"

அப்புறம் விளக்கினான். பழைய காரில் இருந்தது நிக்கல் பாட்டரி. செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், நாலு செல் சேர்த்து 4.8. புதுக் காரில் இருந்தது லித்தியம் பாட்டரி, ஒரே செல், 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும். ஏற்றும்போது 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே வாயு உண்டாகி உப்பும், சூடேறும், கடைசியில் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் செருகும் முனை ஒரே மாதிரி இருந்ததுதான் வினை. மலிவான ஒயர்கள் பலவற்றில் நிரம்பியதும் தானாக நிற்கிற வசதியும் கிடையாது.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை நினைவுபடுத்தினார். வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அது பெரிய பாட்டரி, எங்களுடையது விரல் நீளம்தான். ஆனால் நூல் மூட்டைக்குத் தீக்குச்சியே போதுமே!

இப்போது எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். காரோடு வந்த சார்ஜர் மட்டும்தான். தொலைந்தால், பாட்டரியில் எழுதியிருக்கிற வகையையும் வோல்ட்டையும் கடையில் காட்டி அதற்கேற்றதை வாங்குவது. களத்தில் வெயிலில் ஓட்டிவிட்டு வந்தால் பாட்டரி சுடும். உடனே செருகாமல், கை வைத்தால் குளிர்ச்சியாகத் தெரிகிற வரை ஆற விடுவது. கட்டில், மெத்தை, துணி, நூல் எதன் பக்கத்திலும் வைக்காமல் வெறும் திண்ணைத் தரையில் வைப்பது. பெட்டியில் போட்ட நேரம் முடிந்ததும் பிடுங்கிவிடுவது. ராத்திரியிலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போதும் கிடையவே கிடையாது.

உப்பியது, நசுங்கியது, தண்ணீரில் விழுந்தது எதையும் திரும்ப ஏற்றக் கூடாது. ஊசியால் குத்தவும் கூடாது. குப்பையோடு போட்டு எரிப்பது அதைவிட மோசம். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட சட்டியில் வைத்து, பழைய பாட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் பாட்டரியைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022இல் மத்திய அரசின் விதியே வந்திருக்கிறது. பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். நான் வாங்கியதில் இருந்ததா என்று அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

ஒருவேளை புகைந்தால் எங்களைப் போல அள்ளாதீர்கள். மம்பட்டியிலேயே வெடித்திருந்தால் அவர் கதி என்ன? முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியேற்றுங்கள், அந்தப் புகை விஷம். கிட்டப் போகாமல் முடிந்தால் மெயினை அணையுங்கள். 101க்குப் போன் செய்யுங்கள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாம் யாராவது தூங்கப் போவோமா? பால் பொங்கினால் அடுப்போடு போயிற்று. இதற்கு மட்டும் ஏன் காவல் இல்லாமல் விட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

சாயங்காலம் திண்ணையில் நான் அரிசி புடைக்கிற நேரம்தான் இப்போது சார்ஜ் நேரம். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். படுக்கப் போகும்போது அத்தை தினமும் இரண்டு கேள்வி கேட்பார். "கேஸை மூடியாச்சா அம்மிணி? அந்தக் கார் ஒயரைப் புடுங்கியாச்சா?"

இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.