தீப்பெட்டிக்குள் ஒரு ரோடு ரோலர்

லண்டனில் அரண்மனை, டவர் பாலம் எல்லாம் அப்புறம்தான். மாப்பிள்ளை என்னை முதலில் அழைத்துப் போனது ஹாக்னிக்கு! கிழக்கு லண்டனில், லீ ஆற்றை ஒட்டிய பகுதி.

"இங்கேதான் அத்தை, மாட்ச்பாக்ஸ் கார் பண்ணின பாக்டரி இருந்துது" என்று கை காட்டினார். 2010-ல் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். பெயர் 'மாட்ச்மேக்கர்ஸ் வார்ஃப்'. "கல்யாணத் தரகர் துறையா?" என்றேன். மனுஷர் சிரித்து ஓயவில்லை.

பழைய பொம்மைக் கார் சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பித்து. கதையும் அவர் சொன்னதுதான். லெஸ்னி கம்பெனியின் பங்குதாரர் ஜாக் ஓடெல். அவர் மகளின் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மைதான் கொண்டு வரலாமாம். அப்பா பித்தளையில் குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த கார்கள் 1953-ல் தீப்பெட்டி மாதிரியே பெட்டியில் கடைக்கு வந்தன. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்தி வார்ப்பார்கள். பாக்டரியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். 1982-ல் கம்பெனி நொடித்துப்போனது.

சனிக்கிழமை போர்ட்டபெல்லோ ரோடு சந்தை. அட்டைப்பெட்டி கூட இருந்தால் காருக்கு விலையே வேறு! மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் மதிப்புப் போச்சு. எனக்கென்னவோ, பெயின்ட் உதிர்ந்த கார்தான் பிடித்தது. ஏதோ ஒரு குழந்தை ஆசை தீர விளையாடியிருக்கிறதே!

ஆனால் அந்தப் பெயின்ட்தான் வம்பு. அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் இருக்கலாம். (நாம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம்; அது வேறே.) காரீயம் துளி உள்ளே போனாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. ஒன்றரை வயதுப் பேரன் ஒருநாள் பச்சை லாரியை வாயில் வைத்துவிட்டான். என் பெண் பதறிப்போய் டாக்டரிடம் ஓடினாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல வேளை, பயமில்லை என்றார்கள்.

"கார் வேணுமா, குழந்தை வேணுமா?" என்று என் பெண் கேட்கவே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது எல்லாம் பூட்டிய கண்ணாடி அலமாரியில். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தூசியை ஈரத்துணியால்தான் துடைக்கலாம். வீட்டுக்குள் பெயின்ட் சுரண்டவே கூடாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பொம்மைக் கார் இருந்தாலும் இதே கதைதான்.

பேரனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது பெரிய மர லாரி. கடிக்கட்டும்.