உறங்கிக் கிடந்த இரண்டாம் செயலி

2008ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு கொல்லிமலை சென்றிருந்தோம். செம்மேட்டை அடுத்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில், நகரத்து நிறுவனமொன்று கழித்துக் கொடுத்த பழைய சர்வர் ஒன்றைக் கண்டோம். தாய்ப்பலகையில் பென்டியம் 3 செயலிகள் இரண்டு. நிறுவப்பட்டிருந்ததோ விண்டோஸ் 98. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஆளும் திறன் அந்த இயங்குதளத்துக்குக் கிடையாது. ஆக, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி வந்த இரண்டாம் செயலி, ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்திருக்கிறது. மலைப்பள்ளிக்கு இது போதும் என்று யாரோ எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணந்தான் நம்மை உறுத்தியது.

எம் மாணவர் ஒருவர் குறுவட்டிலிருந்து லினக்ஸை ஏற்றினார். குறுக்கீடுகளின் பட்டியலை நொடிக்கொரு முறை புதுப்பிக்குமாறு செய்து காட்டினார். செயலிக்கு ஒன்றாக இரண்டு நிரல்கள். ஓர் எழுத்தைத் தட்டினால் எண் இரண்டு கூடிற்று: விசையை அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று. தமிழாசிரியராகிய நாம் ஒரு மாலை முழுதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செயலி தன் பணியில் ஆழ்ந்திருக்கையில் விசைப்பலகையும் வட்டும் வலையட்டையும் 'என்னைக் கவனி' என்று எழுப்பும் குரலே குறுக்கீடு. ஒற்றைச் செயலிக் காலத்தில் இன்டெலின் 8259 என்னும் சில்லு அக்குரல்களை வரிசைப்படுத்தித் தந்தது. இரண்டு சில்லுகளை இணைத்தால் 15 வழிகள். செயலிகள் இரண்டாகும்போது எந்தக் குரலை எவரிடம் சேர்ப்பது என்னும் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. (ஓரியின் ஓரம்பு பல விலங்குகளைத் துளைத்ததாகச் சங்கப்பாடல் கூறும் மலை இது. ஆனால் இரு வில்லாளிகளை ஒரே இலக்கில் முட்டிக்கொள்ளாமல் நிறுத்துவது வேறு கலை.)

இன்டெல் கண்ட விடை ஏபிக். 1994இல் அதன் ஒரு பகுதியைப் பென்டியம் செயலிக்குள்ளேயே பதித்து, பல்செயலிக் கணினிகளுக்கான வரன்முறையையும் வெளியிட்டது. போட்டியாளர்களான ஏஎம்டியும் சைரிக்ஸும் 1995இல் ஓப்பன்பிக் என்னும் மாற்றை முன்வைத்தன. 32 செயலிகள் வரை தாங்கும் திட்டம் அது. ஐபிஎம்மும் காம்பேக்கும் ஆதரவு தெரிவித்தன. எனினும் இன்டெல் வழிக் கணினிகளில் ஓப்பன்பிக் கொண்ட தாய்ப்பலகை ஒன்றுகூடச் சந்தைக்கு வரவில்லை. ஏஎம்டியே பின்னர் ஏபிக்கிற்கு உரிமம் பெற்று அத்லானில் சேர்த்துக்கொண்டது. தோற்ற வடிவம் முற்றும் மறையவில்லை. ஐபிஎம்மின் பவர்பிசி கணினிகளிலும் ஆப்பிளின் பவர்மேக் ஜி5 வரையிலும் வேறு பெயரில் வாழ்ந்தது.

இயங்குதளம் எழுதுவோர் இதில் நடுவர்கள் அல்லர். கையில் இருக்கும் பலகைக்கே நிரல் எழுத முடியும். விண்டோஸ் என்டி 1993 முதற்கொண்டே பல செயலிகளை ஆண்டது. லினக்ஸ் 1996இல், 2.0 பதிப்பில், அவ்வாற்றலைப் பெற்றது. அதுவும் அரைகுறைதான்: கர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலியே நுழையலாம், வாசலுக்கு ஒரே பெரும்பூட்டு. அப்பூட்டைச் சிறுகச் சிறுக உடைத்து முற்றாக நீக்கியது 2011இல்.

பள்ளித் திரையில் தமிழ் ஒருங்குறி எழுத்துகளும் கட்டங்களாகாமல் தெரிந்தன. திஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருக்களோடு மல்லாடிய நம் வாசகர்களுக்கு, இரண்டு தரங்கள் மோதினால் நடுவில் நிற்பவன் படும் பாடு புதிதன்று. எது மேலானது என்று அங்கும் அறிஞர்கள் நெடிது வாதிட்டனர். நமக்கோ, எழுதியது அடுத்தவர் கணினியில் திறக்குமா என்பதே கவலை.

சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியபோது நமக்கு அந்தப் பள்ளியின் இரு நிரல்கள் நினைவுக்கு வந்தன. சக்தி, ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியின் வழி வந்தது. அங்கும் குறுக்கீட்டுக்குப் பழைய பிளிக் ஒன்று, 2023இல் ஏற்கப்பெற்ற ஏஐஏ மற்றொன்று. இயங்குதளம் இரண்டையும் சுமந்தாக வேண்டும். ஆனால் இவ்விரண்டு வரன்முறைகளையும் எவரும் உரிமக் கட்டணமின்றிச் சில்லில் பதிக்கலாம். ஏபிக்கை நாடிய ஏஎம்டிக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.