பணிவிடையும் ஒரு வரம்பும்

 

எங்கள் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு ஃபஜ்ர் வேளையில், காரிமங்கலத்திலுள்ள எங்கள் இல்லத்தில் உளூச் செய்யச் சென்றவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்று முதல் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க நாங்கள் விடவில்லை. உளூவுக்கான தண்ணீர், உணவு, தேநீர் யாவும் கட்டிலுக்கே சென்றன. மதரஸாவில் நடத்தும் பாடத்தை வீட்டிலும் செயற்படுத்துகிறோம் என்ற மனநிறைவு எங்களுக்கு இருந்தது.

இரண்டே மாதங்களில், பிறர் தூக்கிவிடாமல் அவரால் எழ இயலவில்லை. நின்று தொழுதவர் அமர்ந்து தொழலானார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கிய சலுகை புகாரியில் பதிவாகியுள்ளது. எங்கள் தாயாரை அச்சலுகையின்பால் தள்ளியது முதுமை மட்டுமன்று; எங்கள் கவனிப்பும்தான்.

இதனை உணர்த்தியவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லம் தேடி வந்த இயன்முறை மருத்துவர். அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. “படுத்தே இருந்தால் முதியவர்களுக்குத் தசை விரைவில் கரைந்துவிடும். அவர்களால் இயன்றதை அவர்களையே செய்ய விடுங்கள்” என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவதும் அவர் கற்பித்த பயிற்சிகள். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியுள்ளது.

உளூச் செய்யுமிடத்தில் கைப்பிடி பொருத்தினோம். வழுக்காத விரிப்பு இட்டோம். இரவு முழுதும் சிறுவிளக்கு எரிய வைத்தோம். தலைசுற்றலை உண்டாக்கும் மாத்திரை ஏதேனும் உண்டா என மருத்துவரிடம் கேட்டறிந்தோம். கண்ணாடியை மாற்றினோம். அன்றாட உணவில் பருப்பும் முட்டையும் சேர்த்தோம்.

முதன்முறை தாமே அடுப்பங்கரைக்கு நடந்து வந்த தாயார், “இந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறதா?” என்று சிரித்தார். எங்களால் சிரிக்க இயலவில்லை.

இன்று முதல் ரக்அத்தை நின்று தொழுகிறார்; எஞ்சியவற்றை அமர்ந்து நிறைவேற்றுகிறார். முதுமையடைந்த பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்ற இறைக்கட்டளையை (17:23) பேணினோம். ஆனால் ‘எழாதீர்கள்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தோம். கைத்தாங்கலாக உடன் நடப்பதும் பணிவிடையே.

நம் பெற்றோரின் கால்களுக்கு அல்லாஹ் வலிமையும், நமக்கு விவேகமும் அருள்வானாக. ஆமீன்.