இருமலின் வேர்

காரைக்கால்மேட்டில் அம்மாவுக்கு வறட்டு இருமல் பிடித்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கருவாடு காயப்போடும் இடத்துத் தூசி என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் சித்தப்பா. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஓயாத நமைச்சல், படுத்தால் இருமல். "பிரஷர் மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகுதான் இது வந்துச்சு" என்று அம்மா மட்டும் அடித்துச் சொன்னார்.

அட்டையில் எனலாப்ரில் என்றிருந்தது. டாக்டரும் ஆமோதித்தார்: சிலருக்கு இந்த மாத்திரையால் இருமல் வரும். ரத்த அழுத்தத்துக்கான மருந்து தொண்டையை ஏன் தொட வேண்டும்? விடை தெரியாமல் மனசு ஆறவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தேடல் முதலில் சிறுநீரகத்தில் போய் நின்றது. 1890களின் பிற்பகுதியில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகெர்ஸ்டெட்டும் அவர் மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள்.

ரெனின் எதற்கு என்று பார்த்தால், உடல் இரண்டு வேகத்தில் அழுத்தத்தைக் காக்கிறது. குந்தி உட்கார்ந்து மீனுக்கு உப்புத் தடவுகிறவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்நரம்புகள் உடனே மூளைக்குச் செய்தி அனுப்பும். இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். சில நொடிகளில் எல்லாம் சரியாகும். சிறுநீரகத்தின் வேலை நிதானமானது. வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் குறைந்தால் அது ரெனினைச் சுரக்கும். ரெனின் கல்லீரல் தந்த ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின்-1 ஆக்கும். அதைப் பெரும்பாலும் நுரையீரலில் இருக்கும் ஒரு நொதி ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றும். குழாய்களை இறுக்குவதும், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து உப்பைத் தேக்குவதும் இதுதான்.

எனலாப்ரில் அந்த நொதியைத் தடுக்கிறது. நொதிக்கோ இன்னொரு வேலையும் உண்டு: ரத்தக்குழாயை விரிக்கும் பிராடிகைனினைச் சிதைப்பது. நொதி முடங்கினால் பிராடிகைனின் சேரும். அது சிலருக்கு மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டி இருமலைக் கிளப்பும்.

பிராடிகைனினைத் தேடினால் பாதை பிரேசிலுக்குப் போகிறது. 1948இல் ரோச்சா எ சில்வா குழுவினர் ஜராராக்கா என்ற குழிவிரியனின் நஞ்சை ரத்த பிளாஸ்மாவில் சேர்த்தபோதுதான் அது வெளிப்பட்டது. அதே நஞ்சு பிராடிகைனினின் வீரியத்தைக் கூட்டுவதையும் 1960களில் செர்ஜியோ ஃபெரேரா கண்டார். லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்தில் சோதித்தபோது, ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதியையே அது தடுப்பது தெரிந்தது. அதைப் பின்பற்றி ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் உருவாக்கிய கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்து வந்தது எனலாப்ரில். பிராடிகைனினைக் காக்கும் குணத்தால்தான் இந்த மருந்தின் மூலமே கண்ணில் பட்டது. அம்மாவின் இருமலும் அந்தக் குணத்தின் விளைவுதான்.

டாக்டர் லோசார்டானுக்கு மாற்றிக்கொடுத்தார். அது நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. சில வாரங்களில் இருமல் அடங்கியது.

எங்கள் தெருவில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இப்போது உரிமையோடு சொல்கிறேன்: உங்கள் உடம்பு சொல்வது உண்மையாக இருக்கலாம்; அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் அதைச் சொல்லுங்கள். இருமல் தராத மாத்திரை இருக்கிறது. நிறுத்திவிட்டால் அழுத்தம் ஓசையின்றி ஏறும். மூளையும் இதயமும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.