பதினாறு கிலோ மூட்டை



போன ஆடி மாதம் நானும் எட்டாவது படிக்கும் சித்தப்பா பையனும் சைக்கிளில் திருமூர்த்தி மலைக்குப் போனோம். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இராத்திரி அங்கே சொந்தக்காரர் தோட்டத்தில் தங்கல்.

என்னென்ன எடுத்துப் போனோம் தெரியுமா? பவானி ஜமக்காளம், இரண்டு தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், எவர்சில்வர் போசி, அரிசி, ஒரு கட்டு தேங்காய்நார்க் கயிறு. பாதியைத் தம்பியின் கேரியரில் கட்டிவிட்டேன். நான் பெரியவன் அல்லவா!

போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் தள்ளியது. காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனோம். இராத்திரி தூறலில் ஜமக்காளம் நனைந்து இன்னும் கனமாகிவிட்டது. திரும்பும்போது அதே காற்று எதிரே! ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் சைக்கிள் நகரவே இல்லை. கோமங்கலம் வருவதற்குள் தம்பி சைக்கிளில் இரண்டு போக்ஸ் கம்பி ஒடிந்தது. "என்னால முடியலண்ணா" என்று ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். ஒரு டெம்போக்காரர்தான் ஏற்றி வந்து விட்டார். சித்தி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

"ஏங்கண்ணு, எல்லாத்தையும் தராசுல வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் அப்பாரு. மளிகைக்கடையில் நிறுத்தேன். 16 கிலோ!

கடையில் கூடாரம் இரண்டாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். நமக்கு ஆகாது. ஆகவே இப்படி மாற்றினேன்:

1. கூடாரத்துக்குப் பதில் நீலத் தார்ப்பாய். கீழே ஒரு பிளாஸ்டிக் பாய்.

2. ஜமக்காளத்துக்குப் பதில் அம்மாவின் பழைய பாலியஸ்டர் சேலையை இரண்டாக மடித்துத் தைத்த போர்வை. நனைந்தாலும் சீக்கிரம் காயும்.

3. நார்க்கயிறு நம்ம ஊர்ப் பெருமைதான். ஆனால் நைலான் கயிறு கனமில்லை.

4. ஸ்டவ், போசி, அரிசி வேண்டாம். புளிச்சோறு கட்டினால் போதும்.

5. இரண்டு சர்க்கரைச் சாக்குப் பை, கேரியருக்கு இரண்டு பக்கமும் சமமாக, தாழ்வாக. கட்டுவதற்குப் பழைய டியூபை வெட்டிய பட்டை. பை சக்கரத்தில் உரசக்கூடாது.

6. ஒரு கொசுவலை, ஒரு டார்ச்.

மொத்தம் 5 கிலோ. செலவு 620 ரூபாய். அப்பாரு இன்னொன்றும் சொன்னார்: "தென்னைக்கு அடியில கட்டாத சாமி. மட்டை உழுந்தா அவ்வளவுதான்." வேப்பமரமாகப் பார்த்துக் கட்டச் சொன்னார்.

அரையாண்டு லீவில் மறுபடி கிளம்பினோம். சித்தியிடம் கேட்கவே பயமாக இருந்தது. தம்பி வெளியே வந்து, முதலில் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். அப்புறம்தான் சிரித்தான். மூட்டை என் சைக்கிளில். அவன் கேரியரில் தண்ணீர் பாட்டில் மட்டும்.

நண்பர்களே! ஆசைப்பட்டு எடுக்கிற ஒவ்வொரு சாமானையும் யாரோ ஒருத்தர் மிதித்துத்தான் ஆகவேண்டும். அது யார் என்று பார்த்து மூட்டை கட்டுங்கள்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்